வறுத்த மணிலாவும் வாங்கிய வாதுமையும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

பௌர்ணமி இரவில் அண்ணாமலையை வலம் வருவோர் நடக்கும் 14 கிலோமீட்டர் பாதையில், கால் ஓயும் இடத்திலெல்லாம் ஒரு தள்ளுவண்டி நிற்கும். வண்டியின்மீது இரும்பு வாணல், வாணலில் மணல், மணலுக்குள் மணிலாக்கொட்டை. விற்பவர் கரண்டியால் வாணலின் விளிம்பில் தட்டும் ஓசைக்கு முன்னரே வாசனை நம்மை வந்து அடைந்துவிடும். சற்றுத் தள்ளி வேறொரு கடையில் வாதுமையும் முந்திரியும் பிஸ்தாவும் பளபளக்கும் உறைகளில் தொங்கும். இரு கடைகளிலும் வாங்குவோரைச் சற்று நேரம் நின்று கவனித்தால் ஒன்று விளங்கும். மணிலா வாங்குபவர் வாய்க்கு வாங்குகிறார். வாதுமை வாங்குபவர் உடம்புக்கு வாங்குகிறார்.

என் தமக்கை தலைப்பிரசவத்திற்கு வீட்டிற்கு வந்திருந்தபோது, "பாதாம் கொடுத்தால் பிள்ளை நன்றாக இருக்கும்" என்று யாரோ சொல்ல, என் தாயார் கைமாற்றாகப் பணம் வாங்கிக் கால் கிலோ பாதாம் வாங்கி வந்தார். அதே வேளையில் எங்கள் நடையில் மணிலா மூட்டைகள் அடுக்கி இருந்தன. அவற்றை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவை விற்பதற்கு உரியவை. அன்று எழுந்த ஐயமே இக்கட்டுரைக்குக் காரணம்: வறுத்து உண்ணும் கொட்டைகளிலும் விதைகளிலும் எது உண்மையில் சத்து மிக்கது? விலை ஏறுவதுபோலச் சத்தும் ஏறுகிறதா?

நூல்கள் நிலக்கடலை என்றும் வேர்க்கடலை என்றும் எழுதுவதைத்தான் எங்கள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் மணிலா என்கிறோம், பேச்சில் மல்லாட்டை. தென் அமெரிக்காவில் பிறந்த பயிர், பிலிப்பைன்ஸ் நாட்டுத் தலைநகரின் பெயரைத் தாங்கி நம் கொல்லையில் காய்க்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டு மணிலா புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சு நாட்டு மார்சேல் நகருக்குக் கப்பல் ஏறியது. அங்கே அதன் எண்ணெய் சோப்பு ஆயிற்று. ஆக, விற்பதற்கென்றே நம் மண்ணில் வேரூன்றிய பயிர் இது. வீட்டிற்கென்று விளைந்தது அன்று. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் பயன்படும்.

குன்னூரில் பிறந்த அட்டவணை

எந்த உணவில் எவ்வளவு சத்து என்று நாம் இன்று எளிதாகச் சொல்லுகிறோம். இந்த எண்களை முதன்முதலில் நமக்கு அளந்து கொடுத்த இடம் நம் நீலகிரியில்தான் உள்ளது. 1918ஆம் ஆண்டு குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் இராபர்ட் மெக்கேரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அந்த ஓர் அறைதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்திற்கு இடம் மாறி, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. குன்னூரில் இருந்தபோதே 1937இல் அய்க்ராய்டு என்பார் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். பின்னர் 1971இல் அதைப் பெரிதாக்கி வெளியிட்டவர்களுள் முதல்வரான டாக்டர் சி.கோபாலன் சேலத்தில் பிறந்தவர். இன்றும் பலர் எடுத்தாளுவது அந்த அட்டவணையையே. நானும் அதையே எடுத்துக்கொண்டேன்.

வறுத்த மணிலா 100 கிராமில் புரதம் 26 கிராம். வாதுமையில் ஏறக்குறைய 21 கிராம். முந்திரியிலும் 21 கிராம்தான். உடைத்த கடலை என்று நாங்கள் சொல்லும் பொட்டுக்கடலையில் 22½ கிராம். எள்ளில் 18 கிராம். கோழி முட்டையில் இது 13 கிராம் அளவே. (முட்டையில் முக்கால் பங்கு நீர் என்பதையும், முட்டைப் புரதம் தரத்தில் உயர்ந்தது என்பதையும் மறக்கலாகாது.) 2017இல் அதே நிறுவனம் நாட்டின் ஆறு பகுதிகளிலிருந்து 528 உணவுப்பொருள்களைத் திரட்டி மறுபடியும் அளந்தது. இம்மூன்றின் எண்களும் சற்று இறங்கின: வறுக்காத மணிலா 23.6, முந்திரி 18.8, வாதுமை 18.4. ஆனால் வரிசை மாறவில்லை. மணிலாவே முன்னால் நின்றது.

படித்துவிட்டு நான் தாயாரிடம் இதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "அவ்வளவு நல்லதா இருந்தா இவ்வளவு மலிவா குடுப்பாங்களா?" என்றார். நம் நாட்டில் பலர் மனத்தில் உள்ள கேள்வி இது. ஒரு கிலோ வாதுமை விற்கும் விலைக்கு மணிலா நான்கைந்து கிலோ வரும். விலை என்பது ஒரு பொருள் எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறது, எவ்வளவு அருமையாக விளைகிறது என்பதைக் காட்டும். உள்ளிருக்கும் சத்தை அது காட்டாது.

வாதுமைக்கு ஒரு சிறப்பும் இல்லை என்று சொல்ல வரவில்லை. அதில் சுண்ணாம்புச் சத்து 230 மில்லிகிராம். மணிலாவில் அதில் பாதிகூட இல்லை. வைட்டமின் ஈ வாதுமையில் மிகுதி. ஆனால் சுண்ணாம்புச் சத்தே குறிக்கோள் என்றால் வாதுமையை விட்டு எள்ளிடம் போக வேண்டும். 100 கிராம் எள்ளில் 1450 மில்லிகிராம்! பசும்பாலில் 120 அளவுதான். இந்த எண்ணைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்கக் கூடாது. எள்ளின் தோலில் ஆக்சாலிக் அமிலம் உண்டு. அது சுண்ணாம்பைப் பற்றிக்கொண்டு, குடல் உறிஞ்ச முடியாத உப்பாக்கிவிடும். தோலை நீக்கினாலோ சுண்ணாம்பின் பெரும்பகுதி தோலோடு போய்விடும். கடையில் விற்கும் வெள்ளை வெளேரென்ற தோல் நீக்கிய எள்ளில் அந்தப் பெருமை இல்லை. இருப்பினும், எள்ளுருண்டையும் எள்ளுப்பொடியும் வாரத்தில் சில நாள் சேர்ந்தால் நட்டம் ஒன்றும் இல்லை.

முந்திரியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அதன் ஓட்டில் தோலைப் பொசுக்கும் எண்ணெய் இருப்பதால் சூடு காட்டாமல் அதை உடைக்க முடியாது. பண்ருட்டிப் பக்கம் போனவர்களுக்கு அது தெரியும். சுவைக்கு உண்ணலாம்.

பொட்டுக்கடலைதான் நாம் மிகக் குறைவாக மதிப்பிடும் பொருள் என்பது என் கருத்து. மற்றவற்றில் எல்லாம் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் கொழுப்பு இருக்க, இதில் 5 கிராம் மட்டுமே. ஆகவே மணிலா 570 கலோரி தரும் இடத்தில் இது 369 கலோரியே தரும். எடை ஏறக் கூடாது என்பவர்களுக்கு இதைவிட நல்ல கொறிப்புப் பண்டம் எது? இரும்புச் சத்து 9½ மில்லிகிராம். மணிலாவைப்போல மூன்று மடங்கு. தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. எனவே இந்த எண் சிறியதன்று. ஆனால் தானியத்திலும் விதையிலும் உள்ள இரும்பை உடல் முழுதும் ஏற்பதில்லை. எலுமிச்சையோ நெல்லியோ உடன் சேர்ந்தால் கூடுதலாக ஏற்கும். உண்டவுடன் தேநீர் குடித்தால் குறைவாக ஏற்கும். கடலை கொறித்துக்கொண்டே தேநீர் குடிக்கும் நம் வழக்கத்தை என்னவென்று சொல்வது!

இன்னொரு செய்தி. மணிலாப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. கடலையில் அது மிகுதி. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1950களில் எண்ணெய் எடுத்த மணிலா மாவு முக்கால் பங்கும், வறுத்த கடலை மாவு கால் பங்கும் கலந்து, வைட்டமின்கள் சேர்த்து 'பல்நோக்கு உணவு' என்று ஒன்றைச் செய்தது இந்த அடிப்படையில்தான். நம் வீட்டில் பொட்டுக்கடலையும் மணிலாவும் சேர்த்து அரைக்கும் சட்னிக்கு யாரும் பெயர் சூட்டவில்லை, அவ்வளவே.

விதைகளில் பரங்கி விதையைச் சொல்லாமல் விட முடியாது. அதன் பருப்பில் புரதம் 30 கிராம் அளவு; மெக்னீசியமும் துத்தநாகமும் மிகுதி. கடையில் சிறு உறையில் அடைத்து விலை வைத்து விற்கிறார்கள். நாமோ பரங்கிக்காய் அரியும்போது அதை நாரோடு சுரண்டிக் குப்பையில் போடுகிறோம். நம் விதைக்குத் தடித்த ஓடு இருப்பதால் உரிக்கப் பொறுமை வேண்டும் என்பது உண்மை. தணலில் சுட்ட பலாக்கொட்டை மாவுச்சத்து மிக்கது; கொழுப்பு மிகக் குறைவு. அதை உருளைக்கிழங்கோடு சேர்க்கலாமே தவிர இவற்றோடு சேர்க்க முடியாது.

வாணலுக்குள் நடப்பது

வறுப்பதால் சத்து கூடுகிறதா, குறைகிறதா? அட்டவணையில் வறுக்காத மணிலாவுக்குப் புரதம் 25.3 என்றும் வறுத்ததற்கு 26.2 என்றும் இருக்கும். வாணலுக்குள் புதிதாகப் புரதம் உண்டாகிவிடவில்லை. 3 விழுக்காடாக இருந்த ஈரம் 1.7 ஆகக் குறைந்ததால், நூறு கிராமில் மற்றவற்றின் பங்கு சற்று ஏறியிருக்கிறது. எண்களை ஒப்பிடும்போது ஈரத்தைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் சொல்லித் தருவது இதற்குத்தான்.

உண்மையான இழப்பு பி1 என்னும் தையமினில். வறுக்காதபோது 0.90 மில்லிகிராம், வறுத்தபின் 0.39. பாதிக்குமேல் போய்விட்டது. நியாசின் என்ற வைட்டமினோ சூட்டைத் தாங்கும். அது குறையவே இல்லை. சூட்டில் புரதமும் சர்க்கரையும் வினைபுரிவதை 1912இல் பிரெஞ்சு வேதியியலார் லூயி கமில் மையார் எழுதிக்காட்டினார். கிரிவலப் பாதையில் நம்மை இழுக்கும் அந்த மணமும் பொன்னிறமும் அவ்வினையின் விளைவே. ஆனால் அவ்வினையில் செலவாகும் பொருள்களுள் ஒன்று லைசின். மணிலாவில் ஏற்கெனவே குறைவாக உள்ள அதே லைசின். ஆகவே பொன்னிறம் வரை வறுப்பது நன்று. கருக வறுப்பது நட்டம். மணலில் வறுப்பதன் நுட்பம் இங்கேதான். மணல் எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சூட்டைக் கொண்டு செல்லும். வெறும் வாணலில் அடிப்பக்கம் கருகி மேல்பக்கம் பச்சையாக நிற்கும்.

வறுப்பதால் ஆதாயமும் உண்டு. பச்சை மணிலாவில் டிரிப்சின் என்ற செரிமான நொதியைத் தடுக்கும் பொருள் உண்டு. சூடு அதை அழிக்கிறது. செரிப்பது எளிதாகிறது. மறுபுறம், வறுத்த பருப்பின் எண்ணெய் காற்றுப் பட்டுச் சீக்கிரம் காறல் அடிக்கும். மாதக்கணக்கில் வைக்க வேண்டுமானால் ஓட்டோடு வறுக்காமல் வைத்து, வேண்டியபோது வேண்டியதை வறுப்பதே முறை.

இத்தனையும் அறிந்தபின் மணிலாவைத் தூக்கி வைத்துப் பேசி முடித்திருக்கலாம். ஆனால் வாணலால் ஆகாத ஒன்று இருக்கிறது.

வறுத்தாலும் போகாதது

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென மடிந்தன. காரணம் தெரியாமல் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயரிட்டார்கள். தேடிப் போனபோது, அவை தின்ற தீவனத்தில் பிரேசில் நாட்டு மணிலாப் புண்ணாக்கு இருந்தது. புண்ணாக்கில் பூசணம். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற அந்தப் பூசணத்தின் பெயரிலிருந்தே அது சுரக்கும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வந்தது. கல்லீரலைத் தாக்குவது, நாள்பட்டால் புற்றுநோயை உண்டாக்குவது. நம் நாட்டிலும் 1974இல் ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்ச்மகால் மாவட்டங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட சிற்றூர் மக்களில் 106 பேர் இறந்தனர். நல்ல சோளம் அவர்களிடம் இல்லை. இருந்ததை உண்டார்கள்.

இந்த நஞ்சு சாதாரண வறுவல் சூட்டில் ஓரளவு குறையுமே அன்றி அழியாது. வறுத்துவிட்டால் பூசணம் சாகும். அது விட்டுச் சென்ற நஞ்சு இருக்கும். மணமும் நிறமும் ஏறுவதால் கசப்புகூட மறைந்துவிடும்.

எங்கள் பக்கத்து மானாவாரி மணிலா ஆடியில் விதைத்து ஐப்பசி, கார்த்திகையில் பிடுங்குவது. காய் முற்றும் வேளையில் மழை பொய்த்து நிலம் வறண்டால் பூசணம் மண்ணிலேயே காய்க்குள் புகும். பிடுங்கிய பிறகோ வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். காயப்போட இடமும் இல்லை, வெயிலும் இல்லை. காயின் ஈரம் நூற்றுக்கு எட்டு என்ற அளவுக்கு இறங்கினால்தான் பூசணம் வளராது. அளக்கும் கருவி நம்மிடம் இல்லை. ஆனால் காதருகே குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலக்க வேண்டும் என்று என் ஆயா சொல்லும் அளவும் ஏறக்குறைய அதுவே. இவ்வளவு பாடுபட்டுக் காயவைத்துவிட்டு, உரிக்கும்போது ஓடு இளகட்டும் என்று காயின்மீது தண்ணீர் தெளிக்கும் வழக்கமும் இருக்கிறது. விரல் நோவு குறையும், பருப்பு உடையாது. ஆனால் அந்த ஈரத்தோடு சாக்கில் கட்டினால் பூசணத்தை நாமே விருந்துக்கு அழைத்ததாகும்.

இனி, அதுவரை நான் யோசிக்காமல் விட்டது. வியாபாரி வந்தால் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு கை அள்ளி, உடைத்துப் பார்ப்பார். சுருங்கியதும் சொத்தையும் கண்ணில் பட்டால் விலையை இறக்குவார். ஆகவே அவர் வருமுன்னே வீட்டில் எல்லோரும் முறத்தோடு உட்கார்ந்து பொறுக்குவோம். நல்ல பருப்பு மூட்டைக்குப் போகும். சுருங்கியது, நிறம் மாறியது, பூச்சி அரித்தது, உடைந்தது எல்லாம் தனியே சேரும். சேர்ந்தது எங்கே போகும்? அடுப்பங்கரைக்கு. அதைத்தான் வறுப்போம், சட்னி அரைப்போம், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பையில் போட்டு அனுப்புவோம். நஞ்சு ஒரு மூட்டையின் எல்லாப் பருப்பிலும் சமமாக இருப்பதில்லை. பெரும்பாலும் இப்படிப்பட்ட சில பருப்புகளில்தான் குவிந்திருக்கும். அவற்றைப் பொறுக்கி விலக்குவதே அதைக் குறைக்கும் சிறந்த வழி என்று ஏற்றுமதியாளரும் ஆலைக்காரரும் அறிவர். விலக்கும் வேலையை நாங்களும் திறம்படவே செய்தோம். விலக்கியதை நாங்கள் உண்டோம்.

தமக்கைக்கு அந்த மாதங்களில் கொடுத்ததும் அதே முறத்திலிருந்துதான். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 22 கிராம் புரதம் கூடுதலாக வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், வறுத்த மணிலாவில் 8 கிராம் கிடைத்துவிடும். நடையில் இருந்த நல்ல மூட்டையிலிருந்து நாள்தோறும் ஒரு கைப்பிடி எடுத்திருந்தால் போதுமே! கைமாற்று வாங்கியிருக்க வேண்டியதில்லை.

இதை வீட்டில் சொன்னபோது தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சொத்தைய நாம திங்க வேணாம்னா மாட்டுக்குப் போட்டுடலாமா?" என்று கேட்டார். அதற்கும் நான் தலையசைக்க முடியவில்லை. மாடு தின்றால் நஞ்சு உருமாறிப் பாலில் இறங்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் 368இல் இந்த நஞ்சு அளவுக்கு மிஞ்சி இருந்தது. தமிழகத்தில் எடுத்த 551 மாதிரிகளில் மட்டும் 88. தீவனமே காரணம் என்றார்கள். சொத்தையைச் செக்குக்குக் கொடுத்தாலும் நஞ்சின் ஒரு பங்கு எண்ணெயிலும் மறு பங்கு புண்ணாக்கிலும் போகும். "அப்ப எங்கதான் போடறது? அதுவும் நாம பாடுபட்டதுதானே?" என்றார். பத்து மூட்டைக்கு அரை மூட்டை தேறும்; அதன் விலை எங்களுக்குச் சிறியதன்று. ஆட்டிய எண்ணெயைக் காரம் கொண்டு சுத்திகரித்தால் நஞ்சு நீங்கும் என்று பாடத்தில் படித்ததைச் சொன்னேன். அது பெரிய ஆலையில் நடப்பது. எங்கள் தெருவில் நடப்பதன்று.

ஆயாதான் பேச்சை முடித்தார். "வெதைக்குன்னு ஒரு மூட்ட எடுத்து வெக்கறோம் இல்ல? அதே மாதிரி நம்ம வாய்க்கும் ஒரு மூட்ட எடுத்து வெச்சிட்டு மிச்சத்த போடு."

இந்த ஆண்டு அப்படியே செய்தோம். விதை மூட்டையில் வேப்பிலைக் கொத்து செருகி வைப்பது எங்கள் வழக்கம்; பக்கத்தில் நிற்கும் மூட்டைக்கும் ஆயா ஒரு கொத்து செருகியிருக்கிறார். பொறுக்கி எடுத்த சொத்தை மட்டும் இன்னும் திண்ணை மூலையில் கோணிப்பையில் கிடக்கிறது.